கொலுப் படியில் அலுமினியம்

நிலாவில் அலுமினியம் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அதைத் தப்பாக வைத்துவிட்டு ஒரு நவராத்திரி முழுக்க நான் பட்ட பாடு அப்படி.

எழுபதுகளின் தொடக்கம் அது. கல்கத்தாவில் பெஹாலா பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு அலிப்பூரில் மத்திய அரசு உத்தியோகம். அம்மா கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து நேராகக் கல்கத்தாவில் வந்து இறங்கியவள். ஊர்ப் பேச்சை ஒரு சொல் சிந்தாமல் கூடவே கொண்டுவந்திருந்தாள். வங்காளமும் பேசுவாள், காய்கறிக்காரனை மிரட்டுகிற அளவுக்கு. கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மாள் இருந்தார். அவரை மாஷிமா என்று கூப்பிடுவோம். அந்த ஊரில் அம்மா வயதுப் பெண்கள் எல்லோருமே சித்திதான், எல்லோருமே மாஷிமாதான்.

நான் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அப்பாவுக்கு மெட்ராஸுக்கு மாற்றல் வந்தது. துர்க்கா பூஜை விடுமுறை முடிந்ததும் கிளம்ப வேண்டும். எனக்கும் சேர்த்தே ரயிலில் இடம் பதிவு செய்தாகிவிட்டது. அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"ஆராய்ச்சிக்குச் சீட்டு கெடச்சா லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்து படி. கெடைக்கலன்னா பேசாம ரயில் ஏறு. அவ்வளவுதான்."

அம்மா பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கிச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

பேராசிரியர் எக்ஸ் கதிர் ஆசாமி. நிலா அவருக்கும் புதிது. அப்போதுதான் அமெரிக்காக்காரர்களின் விண்கலம் ஒன்று நிலாவைச் சுற்றிச் சுற்றி வந்து, தரையில் என்னென்ன இருக்கிறது என்று மேலிருந்தபடியே கண்டுபிடித்துவிட்டுப் போயிருந்தது. சூரியனிலிருந்து வரும் எக்ஸ் கதிர் நிலாத் தரையில் பட்டால், அங்கே அலுமினியம் இருந்தால் அது தனக்கே உரிய ஒரு கதிரைத் திருப்பி வெளியே விடும். மக்னீசியம் இருந்தால் அது வேறொன்றை விடும். கலத்திலிருந்த கருவி அதையெல்லாம் எண்ணிக்கொண்டே போயிருக்கிறது. அம்மாவுக்கு இதை நான் இப்படித்தான் விளக்கினேன்: அப்பா டிராம் நிறுத்தத்திலிருந்து நடந்து வரும்போது, எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமலேயே இந்த வீட்டில் மீன், அந்த வீட்டில் லூச்சிப் பூரி, அடுத்த வீட்டில் கடுகெண்ணெய் என்று மூக்காலேயே சொல்லிக்கொண்டு வருவாரே, அந்த மாதிரி.

"அப்போ நிலாவுல மீன் இல்லல்லா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"அப்பாடி."

அதே கருவியைப் போல ஒன்றைச் செய்து, ராஜ்மகால் மலைக் கருங்கல்லையும் பாங்குரா பக்கத்து வெள்ளைக் கல்லையும் பொடித்து வைத்து, அவற்றின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி, நிலாவோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது பேராசிரியரின் திட்டம். அதற்கு ஓர் ஆள் தேவை. நானும் ஒரு பையனும் கேட்டிருந்தோம். கலம் கண்டுபிடித்ததைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்து, "படித்துப் புரிந்துகொள்ளுங்கள். யார் என்று பூஜைக்குள் முடிவு செய்கிறேன்" என்று அனுப்பிவிட்டார்.

கட்டுரை முழுக்க எண்கள். கிழக்கே இத்தனை டிகிரியில் இவ்வளவு அலுமினியம், மேற்கே இத்தனை டிகிரியில் இவ்வளவு. படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. சரி, கையால் செய்து பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்று தோன்றியது. நவராத்திரியும் வந்தது. கொலுவுக்கு முன்னால் தரையில் பூங்கா மாதிரி ஏதாவது செய்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். முந்தின வருடம் விளக்குமாற்றுக் குச்சியில் ஹௌரா பாலம் கட்டியிருந்தேன். இந்த வருடம் நிலா என்று அறிவித்தேன்.

தெருமுனைப் பந்தலில் துர்க்கை சிலை செய்துகொண்டிருந்தவர்களிடம் மிச்சமிருந்த களிமண்ணைக் கேட்டு வாங்கினேன். அம்மாவின் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் அதைப் பரப்பினேன். காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடையிலிருந்து நிலாப் படம் போட்ட ஒரு தடிப் புத்தகம் வாங்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்துக் கடல்களையும் மேடுகளையும் களிமண்ணில் கீறினேன். நிலாக் கடலில் தண்ணீர் கிடையாது, கருத்த சமவெளி, அவ்வளவுதான். அந்தப் படத்தில் தெற்குத் திசை மேலே இருந்தது. கவனித்துச் சரியாகத் திருப்பிக்கொண்டேன். அந்த வெற்றியில் உச்சி குளிர்ந்துபோய் மேற்கொண்டு எதையும் கவனிக்கவில்லை.

பிறகு கட்டுரையிலிருந்த எண்களைப் பார்த்து, அலுமினியம் அதிகமான இடத்தில் அரிசிமாவு, குறைவான இடத்தில் காப்பிப் பொடி, நடுத்தரத்துக்குக் கேழ்வரகு மாவு என்று தூவினேன். ஒட்ட வேண்டுமே என்று கீழே சீனிப்பாகு தடவினேன். எம்.எஸ்ஸி. படித்த மூளை! எறும்பு என்ற ஜீவராசி உலகத்தில் உண்டு என்பதே அப்போது நினைவுக்கு வரவில்லை.

கலம் நிலாவின் நடுப்பட்டையில் மட்டும்தான் பறந்தது. அதனால் மேலும் கீழும் வெறும் களிமண்ணாக விட்டிருந்தேன். அம்மா வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன இது, மேலயும் கீழயும் மொட்டையாக் கெடக்கு?"

"அங்க கலம் போகலம்மா. என்ன இருக்குன்னு தெரியாது."

"தெரியலன்னா அப்படியே விட்டுருவியா? நாலு பேர் வந்து பாத்தா மாவு தீந்துபோச்சின்னுல்லா நெனைப்பாவ."

நான் குளித்துவிட்டு வருவதற்குள் நிலாவின் வட துருவத்தில் ஒரு தாமரைக் கோலமும் தென் துருவத்தில் ஒரு தேர்க் கோலமும் முளைத்திருந்தன. கத்தினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாம்பாளத்தைத் தூக்கிக் கொலுவின் முன்னால் வைத்து, குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டாள்.

மாஷிமா மேலே வந்து பார்த்து, "கீ ஷுந்தோர்!" என்று வாய் நிறையப் பாராட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நிலாவை ஒரு கும்பிடும் போட்டுக்கொண்டார். சுண்டலை இரண்டு முறை வாங்கித் தின்றார். இந்த மாஷிமாவின் தங்கைதான் என் பேராசிரியரின் மனைவி. செய்தி அன்றைக்கே தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. அஷ்டமி அன்று மாலை பேராசிரியர் மனைவியோடு நிலாவைப் பார்க்க வருகிறார் என்று மறுநாள் பதில் வந்தது. கட்டுரையை நான் எந்த லட்சணத்தில் படித்திருக்கிறேன் என்று அங்கேயே தெரிந்துவிடுமாம், சீட்டு யாருக்கு என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுவாராம்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நிலா என் கையில் இருந்தது. அந்தப் பையனிடம் என்ன இருக்கிறது, வெறும் கட்டுரைதானே!

சஷ்டி அன்று சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். மேற்கே பிறை நன்றாக வளர்ந்து நின்றது. அதன் வலது ஓரத்தில் முட்டை வடிவத்தில் கருப்பாக ஒரு சின்னக் கடல். கட்டுரையில் அதன் பெயர் இருந்தது. தமிழில் சொன்னால் நெருக்கடிக் கடல். ஆகா, நம் கடல் என்று மனசு துள்ளியது. அம்மாவுக்குத் தாம்பாளத்தில் காட்டலாம் என்று கீழே ஓடி வந்தேன். வலது ஓரத்தில் நான் கீறிய முட்டை வடிவக் கடல் இருந்தது. ஆனால் அதில் கொட்டிக் கிடந்தது அரிசிமாவு. அதற்கான காப்பிப் பொடி இடது பக்கம், முட்டை வடிவக் கடலே இல்லாத இடத்தில் திட்டாகக் கிடந்தது.

கட்டுரையை எடுத்தேன், புத்தகத்தை எடுத்தேன். நெருக்கடிக் கடல் கிழக்கே இருக்கிறது என்றது கட்டுரை. மேற்கே என்றது புத்தகம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பு கண்ணில் பட்டது. பூமியிலிருந்து பார்க்கிறவர்கள் வைத்த கிழக்கு மேற்கைச் சில வருடங்களுக்கு முன்னால் வானியல் பெரியவர்கள் கூடி மாற்றிவிட்டார்களாம். நிலாவிலேயே நிற்கிற ஆளுக்குச் சூரியன் எந்தப் பக்கம் உதிக்குமோ அதுதான் இனிமேல் கிழக்காம். என் புத்தகம் மாற்றத்துக்கு முந்தியது, கட்டுரை பிந்தியது. நான் புத்தகத்தின் திசைப்படி கட்டுரையின் எண்களை வைத்து, நிலாவின் அலுமினியத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அள்ளிப் போட்டிருந்தேன்.

தாம்பாளத்தைத் தூக்கப் போனேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"எதுக்குட்டி அதுல கை வைக்கே?"

"தப்பா வச்சிட்டேம்மா. எல்லாத்தையும் சுரண்டிட்டு மறுபடி போடணும்."

"கொலுவுல வச்சதத் தசமி வரைக்கும் நவத்தப்பிடாது. தெரியாதா ஒனக்கு?"

"இது பொம்மை இல்லம்மா. மாவும் காப்பித்தூளும்."

"கற்பூரம் காட்டியாச்சில்லா? பொறவு அதுவும் சாமிதான்."

அழுதேன், கெஞ்சினேன், காலில்கூட விழுந்தேன். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவளைத் தாண்டிக்கொண்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனாள். அப்பாவிடம் முறையிட்டேன். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல யார்கிட்ட வேணும்னாலும் பேசுதேன். உங்கம்மைகிட்ட என்னால முடியாது" என்று பேப்பருக்குள்ளிருந்து குரல் வந்தது.

கடைசியில் அம்மா ஒரு படி இறங்கி வந்தாள். மேலே தூவிக்கொள்ளலாம், ஆனால் இருப்பதைச் சுரண்டக் கூடாது. தாம்பாளம் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. சரியென்று அரிசிமாவின்மேல் காப்பிப் பொடியைத் தூவினேன். நிலா முழுக்க ஒரே புழுதி நிறமாயிற்று. போதாக்குறைக்கு எறும்பு வந்தது. அதுவும் எப்படி, கலம் பறந்த அதே நடுப்பட்டையில், வரிசை பிசகாமல். வலது ஓரத்து அரிசிமாவைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் போயின. என் தப்பைத் திருத்த என்னைவிட அவற்றுக்குத்தான் அக்கறை. மருந்து போடலாமென்றால், "சாமி முன்னால உசுரக் கொல்லுதியா?" என்று அம்மா ஒரு சத்தம் போட்டாள். போட்ட காப்பிப் பொடியை ஊதி ஊதித் தள்ளி, மறுபடியும் பழைய தப்பான நிலாவுக்கே வந்து சேர்ந்தேன்.

அஷ்டமி மாலை. தெருமுனைப் பந்தலில் தாக் மேளம் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் புது வேட்டி சட்டையில் வந்தார். கூடவே அவர் மனைவியும் மாஷிமாவும். அம்மா சுண்டலை நீட்டினாள். பேராசிரியர் ஒரு கையில் தட்டோடு நிலாவின் முன்னால் குனிந்தார். எந்தப் பொடி எவ்வளவு அலுமினியம் என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். சுண்டலை மென்றுகொண்டே இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து முகமெல்லாம் சிரிப்பாக,

"பிரமாதம்! என் லாபில் சுவரில் நான் வரைந்து மாட்டியிருக்கிறதும் அச்சு அசலாக இப்படியேதான். கட்டுரையைக் கரைத்துக் குடித்திருக்கிறாய். பௌர்ணமியில் லட்சுமி பூஜை முடிந்ததும் வந்து சேர்ந்துகொள்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவரும் பழைய படத்தில்தான் போட்டிருக்கிறார். சீட்டு கிடைத்துவிட்டது. ஒரு நன்றி சொல்லி இன்னொரு கரண்டி சுண்டல் வைத்திருந்தால் கதை முடிந்தது. ஆனால் என் வாய் இருக்கிறதே, அது என் பேச்சைக் கேட்ட நாளே கிடையாது.

"இல்லை ஸார், இது தப்பு. கிழக்கு மேற்கு மாறிப்போச்சு. அப்படின்னா உங்க சுவர்ல இருக்கிறதும் தப்புதான் ஸார்."

சிரிப்பு நின்றது. சுண்டல் தட்டு கீழே இறங்கியது. "நான் இதை வைத்து வகுப்பே எடுத்திருக்கிறேன்" என்றார். நான் பொடி எழுத்தைப் பற்றிச் சொன்னேன். கட்டுரையில் அப்படி எதையும் தான் பார்க்கவில்லை என்றார். நெருக்கடிக் கடலில் அரிசிமாவு கிடக்கிறது, கடலில் அலுமினியம் குறைவாகத்தானே இருக்கவேண்டும் என்றேன். மாவுக்கு அடியில் இருப்பது கடல் என்று யார் சொன்னது என்றார். நான்தானே ஸார் கீறினேன் என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். பேராசிரியர் காது சிவந்துபோய் மனைவி பக்கம் திரும்பி, "நீ தப்பு. போகலாம்" என்று ஒரே மூச்சில் எனக்கும் அவளுக்குமாகச் சொன்னார். அந்த அம்மாள் அரை வாய்ச் சுண்டலோடு எழுந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

இதெல்லாம் இங்கிலீஷில் நடந்தது. அம்மாவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "என்னட்டி சொல்லுதாரு?" என்று என்னைக் கேட்டாள்.

"நான் சொல்றது தப்பாம். வானத்துல பாத்தா தெரிஞ்சிரும், கேக்க மாட்டேங்கறாரு."

அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். குனிந்தாள். அசையவே கூடாத அந்தத் தாம்பாளத்தை, களிமண்ணும் மாவும் எறும்புமாக, கொலுவிலிருந்து அலாக்காகத் தூக்கினாள். அப்பாவின் கையிலிருந்து பேப்பர் நழுவி விழுந்தது.

"ஆப்னி ஆசுன்" என்றாள் பேராசிரியரிடம். வாருங்கள் என்று அர்த்தம். காய்கறிக்காரனிடம் பேசுகிற அதே குரல். "சாதே ஆசுன்!" என்று மொட்டைமாடியைக் காட்டிவிட்டு விறுவிறுவென்று படியேறினாள். அந்தக் குரலுக்குக் காய்கறிக்காரனே கட்டுப்படுவான், பேராசிரியர் எம்மாத்திரம்? பின்னாலேயே ஏறினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, மாஷிமா, அப்பா, நான்.

மேலே பாதிக்குச் சற்று அதிகமான நிலா தெளிவாக நின்றது. அம்மா தாம்பாளத்தை முகத்துக்கு நேராக, நிலாவுக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தாள். மாவு அவள் தலையிலும் தோளிலும் உதிர்ந்தது. எறும்புகள் கையில் ஏறின. அவள் அசையவில்லை.

"தேகுன்" என்றாள். பாருங்கள்.

பேராசிரியர் நிலாவைப் பார்த்தார். வலது ஓரத்தில் கருப்பாக முட்டை வடிவக் கடல். தாம்பாளத்தைப் பார்த்தார். அதே வலது ஓரம். விரலால் மாவை மெதுவாக வழித்தார். அடியில் அதே முட்டை வடிவம். மறுபடி நிலாவைப் பார்த்தார். விரலில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார். சீனிப்பாகு என்பதால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் வைத்துக்கொண்டார்.

"கட்டுரையைக் கொண்டு வா" என்றார் என்னிடம். கொண்டுவந்து கொடுத்தேன். டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பொடி எழுத்தைப் படித்தார். வெகுநேரம் படித்தார். தாம்பாளம் ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. அப்பா போய் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார்.

"லட்சுமி பூஜை முடிந்ததும் வா," என்றார் கடைசியில். குரல் தணிந்திருந்தது. "முதல் வேலையாக என் சுவரில் இருக்கிறதைக் கழற்று. மாணவர்கள் வருவதற்கு முன்னால்."

பிறகு அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். அம்மாவுக்குத் திருப்பிக் கும்பிட முடியாமல் கையில் நிலா இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர்கள் போன பிறகு அம்மா தாம்பாளத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள், மறுபடி கற்பூரம் காட்டினாள், சாமியிடம் தணிந்த குரலில் என்னவோ சமாதானம் சொன்னாள். அப்பா மெதுவாகக் கேட்டார்: "அப்போ, இவ டிக்கெட்ட மட்டும் கேன்சல் பண்ணிரவா?"

"பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவைக் கட்டிப் பிடித்துக் குதிக்கலாம் என்று பின்னாலேயே போனேன். அவள் தரையில் உட்கார்ந்து, எறும்பு கடித்துத் தடித்திருந்த கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"ரொம்ப எரியுதாம்மா?"

"கொலு வச்ச அன்னைலேர்ந்து நான் சாமிகிட்ட என்ன வேண்டிக்கிட்டேன்னு தெரியுமா ஒனக்கு? இந்தச் சீட்டு ஒனக்குக் கெடைக்கப்பிடாதுன்னு வேண்டிக்கிட்டேன். நீ எங்கூட மெட்ராஸுக்கு வந்துரணும்னு."

"அதான் நவத்தவே விடலியா?" என்று கேட்டேன்.

"சீ, அது முறை. அதுல போயி வெளையாடுவேனா?"

"பொறவு என்னத்துக்கும்மா நீயே தூக்கினே? பேசாம இருந்திருந்தா அவரு போயிருப்பாரு. நானும் ஒங்கூட வந்திருப்பேன்."

அம்மா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நான் ஏதோ கேட்கக் கூடாத முட்டாள்தனத்தைக் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, எம்பிள்ளைய எங்கண்ணு முன்னால ஒருத்தர் தப்புன்னு சொல்லுவாரு, நான் பாத்துக்கிட்டு நிப்பேனா?"

அதற்குப் பிறகுதான் நான் அழ ஆரம்பித்தேன். சீட்டு கிடைத்த வீட்டில் இரண்டு பேர் எதற்கு இப்படி அழுகிறார்கள் என்று அப்பா வாசற்படியில் நின்று கேட்டார்.